கப்டனை விற்கச் சொல்லுறவைக்கு

"சண்டின் மட்டும் அண்டைக்கு ஓம் எண்டு சொல்லியிருந்தா லீஃப்ஸ் எப்பவோ நிமிர்ந்திருக்கும் மச்சான். தன்னை மட்டும்தான் யோசிச்சவர்."

ஸ்காபரோவில் இருந்து வீடியோ கோலில் இப்படிச் சொன்னவன் எங்களில் ஒருத்தரின் மாமா மகன். 2008-ல் அவனுக்கு ஆறு வயசு. அந்த வயசில் நடந்த ஒன்றுக்காக இண்டைக்கும் கொதிக்கிறான் என்றால், அந்தக் கோபம் தகப்பனிடம் இருந்து வந்த முதுசம். ரொறன்ரோவில் பனி ஹொக்கி பார்க்கிற எங்கட சொந்தங்கள் பலரிடம் இந்த முதுசம் இருக்கு.

எங்கட நிலைமையையும் சொல்லிவிடுகிறம். ஹொக்கி என்றால் எங்களுக்குப் பள்ளிக்கூட மைதானத்துப் புழுதியில் ஆடுகிற ஹொக்கிதான். ஐஸை ஐஸ்பழக் கடையில் மட்டும் கண்ட ஆட்கள் நாங்கள். ஆனால் ரொறன்ரோவில் இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் மாரியில் இங்கே விடிய ஐந்தரை. விடுதியில் எழும்பி, நித்திரைக் கண்ணோடு ஃபோனில் பார்த்துப் பார்த்து நாங்களும் அந்த நீலச் சீருடைக்குள் விழுந்துவிட்டம். ஆகவே எங்களுக்கும் இதில் கதைக்க உரிமை இருக்கு.

மச்சானோடு பிடித்த சண்டையை இங்கே முழுதாக எழுதிவிடுகிறம். ஏனென்றால் ஒவ்வொரு வருசமும் பெப்ரவரி, மார்ச் வந்தால் ஏதோ ஒரு அணியின் ரசிகர்கள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: தோற்றுக்கொண்டிருக்கிற அணி, தன்ர மூத்த வீரனைக் கெடு முடிய முதல் விற்றுவிட வேண்டுமா? எங்கட பதில்: அந்த வீரன் தானாக விரும்பினால் மட்டும். அவர் விரும்பாவிட்டால் விற்கக்கூடாது. விற்கச் சொல்லி நெருக்கவும் கூடாது. 2008-ல் மற்ஸ் சண்டின் "இல்லை" என்று சொன்னது சரி. அதற்காக அவரைத் திட்டினது பிழை.

சந்தை எப்படி நடக்குது

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. என்.எச்.எல். என்பது அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த பனி ஹொக்கி லீக். ஒரு பருவத்தில் ஒவ்வொரு அணிக்கும் எண்பதுக்கு மேல் ஆட்டங்கள். அதன் பிறகு 16 அணிகள் பிளேஓஃப் சுற்றுக்குப் போகும். அதில் வெல்லுகிற அணிக்கு ஸ்டான்லி கிண்ணம். பருவம் முடியச் சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் வரும். அந்த நாளோடு அணிகளுக்கிடையே ஆட்டக்காரரைக் கைமாற்றுகிற 'ட்ரேட்' வாசல் அந்தப் பருவத்துக்குச் சாத்தப்படும்.

அதற்கு முந்திய கிழமைகளில் சந்தை சூடு பிடிக்கும். மேலே நிற்கிற அணிகள் வாங்கும். கீழே நிற்கிற அணிகள் விற்கும். பெரும்பாலும் விலை காசாக இராது. இளம் ஆட்டக்காரர்களும், 'ட்ராஃப்ட்' எனப்படுகிற புதுமுகத் தெரிவில் வருங்காலத்தில் ஆள் எடுக்கிற முறைகளும்தான் விலை. ஒப்பந்தம் முடியப்போகிற மூத்த வீரன்தான் இந்தச் சந்தையில் முக்கியமான சரக்கு. வாங்குகிற அணிக்கு அவர் இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் தேவை. அதனால் இப்படிப் போகிறவருக்கு அங்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: வாடகை ஆட்டக்காரன்.

அந்தச் சொல்லை ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ. கலியாண வீட்டுக்குக் கதிரை எடுக்கிற மாதிரி இருக்கு.

இனி ஆட்டக்காரரின் பக்கம். பதினெட்டு வயதில் ட்ராஃப்டில் ஒரு கழகம் ஒருவரின் பெயரை வாசிக்கும். அந்த லீக்கில் ஆட வேண்டுமென்றால் அந்தக் கழகத்தில்தான் ஆட வேண்டும். தனக்கு விருப்பமான எந்தக் கழகத்தோடும் பேச, இப்போதைய விதிப்படி பொதுவாக 27 வயதாக வேண்டும், அல்லது ஏழு பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். அதற்கு முன் கழகம் நினைத்தால் எந்த இரவும் அவரை வேறு ஊருக்கு அனுப்பலாம். "என் சம்மதமில்லாமல் என்னை ட்ரேட் செய்யக்கூடாது" என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் எழுதினாலும், அந்தச் சுதந்திர வயதுக்குப் பிந்திய பருவங்களுக்குத்தான் அது செல்லும்.

ஆகவே இந்தச் சம்மத வாசகம் ஒரு பரிசில்லை. பேரம் பேசி வாங்கினது. 2005-ல் இருந்து ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு இருக்கு. அப்படியிருக்க, காசுக்குப் பதிலாகக் கழகம் மேசையில் வைக்கக்கூடிய பொருட்களில் இந்த வாசகமும் ஒன்று. கழகம் அதைக் கொடுத்தது ஆட்டக்காரரைப் பிடித்து வைத்திருக்க. அதன் பயனைக் கழகம் எடுத்து முடிந்த பிறகு, "எங்களில பற்றிருந்தா அதை விட்டுத் தாங்கோ" என்று கேட்டால் அதற்குப் பெயர் என்ன? வீட்டை ஐந்து வருசக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வருசம் நல்ல விலை வந்தவுடன், "நீங்கள் நல்ல மனிசர் எண்டா எழும்பிப் போங்கோ" என்று கேட்கிறதுக்கும் இதுக்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியேல்லை.

மூன்று தரம்

சண்டின் சுவீடன்காரர். 1989 ட்ராஃப்டில் கியூபெக் அணி அவரை முதலாவது ஆளாக எடுத்தது. ஐரோப்பாவில் இருந்து ஒருவர் முதலிடத்தில் எடுக்கப்பட்டது அதுதான் முதல் தரம். எங்கே ஆட விருப்பம் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை, அது வழக்கமுமில்லை.

1994 கோடையில் கியூபெக் அவரை ரொறன்ரோவுக்கு ட்ரேட் செய்தது. பதிலுக்குப் போனவர்களில் முக்கியமானவர் வென்டல் கிளார்க். அவர் அப்போது லீஃப்ஸின் அணித்தலைவர், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. அந்த ட்ரேட்டைச் செய்தவர் லீஃப்ஸின் பொது முகாமையாளர் கிளிஃப் பிளெச்சர். அப்போதும் சண்டினை ஒருவரும் கேட்கவில்லை.

1997-ல் அவர் அணித்தலைவர் ஆனார். 2008 வரை அவர்தான். லீஃப்ஸுக்காக 981 ஆட்டங்களில் 420 கோல், 987 புள்ளி. அந்தக் கழகத்தின் வரலாற்றில் அதுவரை ஒருவரும் அவ்வளவு எடுத்ததில்லை.

2008 பெப்ரவரியில் லீஃப்ஸ் கீழே கிடந்தது. ஜனவரியில் பொது முகாமையாளரை வேலையால் நிற்பாட்டிவிட்டு, தற்காலிகமாக அதே பிளெச்சரைத் திரும்பக் கூட்டிவந்திருந்தார்கள். சண்டினுக்கு வயது 37, ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது, கையில் சம்மத வாசகம் இருக்கு. வாசகத்தை விட்டுத்தரச் சொல்லிக் கழகம் கேட்டது. பெப்ரவரி 26 கெடு. இரண்டு நாள் முன்னம் அவர் "இல்லை" என்றார். வாடகை ஆட்டக்காரனாகப் போவதில் தனக்கு நம்பிக்கையில்லை, ஒரு கிண்ணத்தை வெல்லுகிறதென்றால் பருவத்தின் தொடக்கத்தில் இருந்து அந்த அணியோடு நடந்து வெல்ல வேணும் என்ற கருத்தில் ஒரு விளக்கமும் கொடுத்தார்.

1989-ல் கேட்கவில்லை. 1994-ல் கேட்கவில்லை. பத்தொன்பது வருசத்தில் முதல் தரமாக 2008-ல் கேட்டார்கள். கேட்ட கேள்விக்கு "இல்லை" என்பதும் ஒரு பதில்தானே? "ஓம்" மட்டும்தான் பதில் என்றால் பிறகென்னத்துக்குக் கேட்கிறது?

அவர் மட்டுமில்லை. மக்கேப், காபர்லே, குபினா, டக்கர் ஆகிய நால்வரும் அந்த நாட்களில் தங்கட சம்மத வாசகங்களை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து "மஸ்கோகா ஐவர்" என்று பட்டம் கட்டினார்கள். மஸ்கோகா என்பது ரொறன்ரோவுக்கு வடக்கே ஏரிக்கரை விடுமுறை வீடுகள் இருக்கிற இடம். கிண்ணத்துக்குப் போராடாமல் ஓய்வெடுக்கப் போகிறவர்கள் என்ற நக்கல். அந்த ஐவரில் ஒருவரான டக்கருக்கு அதே கோடையில் என்ன நடந்தது? மிச்ச ஒப்பந்தத்துக்கு ஒரு பகுதிக் காசைக் கொடுத்து, விதிப்படியே, கழகம் அவரை வெளியே அனுப்பியது. கழகம் விதியைப் பாவித்தால் அது வியாபாரம். ஆட்டக்காரன் விதியைப் பாவித்தால் அது துரோகம். இந்தக் கணக்கு எங்களுக்கு விளங்கவில்லை.

விற்றால் என்ன வந்திருக்கும்?

மச்சானின் பெரிய வாதம் இதுதான்: "அவர் கோடையில சும்மா போயிட்டார். கழகத்துக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. வித்திருந்தா ஒரு முதல் சுற்றுத் தெரிவும் ரெண்டு இளம் பெடியளும் கிடைச்சிருக்கும்."

சரி, கிடைத்திருக்கும் என்றே வைப்பம். அதன் பெறுமதியைப் பார்ப்பம்.

கெடு நேரத்தில் மூத்த வீரனை வாங்குகிறது நல்ல அணி. ட்ராஃப்டில் பலவீனமான அணிக்கு முதலிடங்களும் பலமான அணிக்குக் கடைசி இடங்களும் போகும். ஆகவே "முதல் சுற்றுத் தெரிவு" என்று வாய் நிறையச் சொல்லுகிறது பெரும்பாலும் அந்தச் சுற்றின் வால். அது ஒரு லொத்தர் சீட்டு மாதிரி. சில தரம் விழும், பல தரம் விழாது.

மேலே இருந்து விழுந்த உதாரணங்கள் சொல்லுகிறம். 2000 மார்ச்சில் பொஸ்டன் அணி, 21 பருவம் தங்களோடு ஆடிய ரே போர்க்கைக் கொலராடோவுக்கு அனுப்பியது. பொஸ்டனுக்குக் கிடைத்ததில் பிரையன் ரோல்ஸ்டன் நல்ல ஆட்டக்காரர். சில வருசம் நன்றாகவே ஆடினார், பிறகு போய்விட்டார். சாமுவேல் பால்சனை அதே வருசம் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் 2007-ல் அனஹைமோடு கிண்ணம் தூக்கினார். முதல் சுற்றுத் தெரிவில் எடுத்த பையன் முழு என்.எச்.எல். வாழ்க்கையிலும் ஆடியது 14 ஆட்டம். பொஸ்டன் கிண்ணம் வென்றது 2011-ல். அந்த அணியில் இந்த ட்ரேட்டில் வந்த ஒருவரும் இல்லை.

2013 மார்ச்சில் கல்கரி அணி ஜரோம் இகின்லாவைப் பிற்ஸ்பேர்க்குக்குக் கொடுத்தது. கல்கரிக்காக 525 கோல் அடித்த மனிசன். பதிலுக்கு இரண்டு இளம் ஆட்டக்காரர், ஒரு முதல் சுற்றுத் தெரிவு. அந்தத் தெரிவில் எடுத்தவரையும் சேர்த்து மூவரும் கல்கரிச் சீருடையில் ஆடிய ஆட்டங்களைக் கூட்டினால் அரைப் பருவம்கூட வராது. பிற்ஸ்பேர்க்குக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அரையிறுதியில் பொஸ்டனிடம் நான்குக்குப் பூச்சியம் என்று தோற்று வெளியேறியது. இகின்லா கிண்ணம் இல்லாமலே ஓய்வு பெற்றார்.

இப்போது ரொறன்ரோ. அந்தக் காலத்து நிர்வாகம் கையில் இருந்த வருங்காலத்தை என்ன செய்தது என்று பார்த்தால், சண்டினை விற்று வந்திருக்கக்கூடியதுக்கும் என்ன கதி வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 2006-ல் துக்கா ராஸ்க் என்ற இளம் கோல் காப்பாளரைப் பொஸ்டனுக்குக் கொடுத்து அண்ட்ரூ ரேகிராஃப்டை வாங்கினார்கள். ரேகிராஃப்டை இரண்டே பருவத்தில் காசு கொடுத்து அனுப்பினார்கள். ராஸ்க் 2014-ல் லீக்கின் சிறந்த கோல் காப்பாளர் விருதை வென்றார். 2007-ல் இன்னொரு கோல் காப்பாளருக்காக முதல் சுற்று, இரண்டாம் சுற்றுத் தெரிவுகளைக் கொடுத்தார்கள். சண்டின் போன பிறகு, வேறொரு முகாமையாளரின் கீழ், 2009-ல் ஃபில் கெசலுக்காக இரண்டு முதல் சுற்றுத் தெரிவுகளும் ஒரு இரண்டாம் சுற்றும் மீண்டும் பொஸ்டனுக்குப் போயின. அவற்றில் ஒன்று டைலர் செகின் ஆனது, இன்னொன்று டகி ஹமில்டன் ஆனது.

ஓட்டைப் பானைக்குள் இன்னொரு குடம் தண்ணி ஊற்றியிருந்தால் நிரம்பியிருக்கும் என்று சொல்லுறது மாதிரிக் கிடக்கு மச்சான் உன்ர கதை. 2006-ல் இருந்து 2012 வரை லீஃப்ஸ் பிளேஓஃப் பக்கமே போகவில்லை. அதில் சண்டின் இருந்தது முதல் மூன்று பருவங்கள் மட்டும். 2007-08-ல், அந்தத் தோற்ற அணியில், 37 வயதில், 74 ஆட்டத்தில் 78 புள்ளி எடுத்தவர் அவர். அணியைக் கட்டினவர் தோற்றார், ஆடினவர் தோற்கவில்லை. கட்டினவரின் கடன் சீட்டை ஆடினவரின் கையில் கொடுத்து, "நீ கட்டு" என்றார்கள். அவர் கட்டவில்லை.

எதிர்த்துச் சொல்லக்கூடியவை

ஒரு பக்கம் மட்டும் பேசினால் மச்சான் சிரிப்பான். அவன் சொன்னதில் கனமான நான்கை எடுக்கிறம்.

முதலாவது, நியூயோர்க் ரேஞ்சர்ஸ். 2018 பெப்ரவரியில் அந்தக் கழகம் ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது: அணியைப் புதிதாகக் கட்டப்போகிறோம், உங்களுக்குப் பிடித்த சிலரை இழக்க வேண்டிவரும் என்று. சொன்ன மாதிரியே ரிக் நாஷையும் அணித்தலைவர் மக்டோனாவையும் ட்ரேட் செய்தது. நாஷுக்குப் பதிலாக வந்ததில் இருந்து லிண்ட்கிரென் என்ற நல்ல தடுப்பாளர் கிடைத்தார். அதே ட்ரேட்டின் முதல் சுற்றுத் தெரிவை வைத்து மேலே ஏறிக் கே'ஆண்ட்ரே மில்லரை எடுத்தார்கள். 2022-லும் 2024-லும் ரேஞ்சர்ஸ் அரையிறுதி வரை போனது. இதை மறுக்கமாட்டம். மூத்த வீரனை விற்று நல்லது நடக்கவே நடக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த அணியின் முதுகெலும்பு எங்கேயிருந்து வந்தது? பனாரின் சுதந்திர ஆட்டக்காரராக வந்தவர். ஷெஸ்டர்கின் 2014-ல் நான்காம் சுற்றில் எடுத்தவர். அடம் ஃபொக்ஸ் இரண்டாம் சுற்றுத் தெரிவுகளைக் கொடுத்து வாங்கினவர். நல்ல நிர்வாகம் எந்த வழியாலும் கட்டும். இன்னொன்றையும் கவனியுங்கோ. ரேஞ்சர்ஸ் தாங்கள் செய்யப்போவதை முன்கூட்டியே, தங்கட பெயரில், வெளிப்படையாகச் சொன்னது. பழியை ஆட்டக்காரனின் தலையில் வைக்கவில்லை.

இரண்டாவது, பிராட் மார்ஷாண்ட். இது எங்களுக்கே குத்துகிற உதாரணம். பொஸ்டன் அணித்தலைவர், 2006-ல் இருந்து அந்தக் கழகத்தின் ஆள், 2011 கிண்ணத்தில் இருந்தவர். புது ஒப்பந்தப் பேச்சு சரிவராமல் போக, 2025 மார்ச் 7, கெடு நாளிலேயே புளோரிடாவுக்குப் போனார். இரண்டாம் சுற்றில் அவர்கள் சந்தித்தது லீஃப்ஸை! மூன்றாம் ஆட்டத்தில் மேலதிக நேரத்தில் வெற்றிக் கோலை அடித்ததும் அவர்தான். ஏழாம் ஆட்டத்தில் ஆறுக்கு ஒன்று என்று எங்களைப் புதைத்தார்கள். பிறகு இறுதிச் சுற்றில் ஆறு கோல் அடித்துக் கிண்ணமும் தூக்கினார். பொஸ்டனுக்குக் கிடைக்க இருந்த இரண்டாம் சுற்றுத் தெரிவு, நிபந்தனைப்படி முதல் சுற்றாக உயர்ந்தது. எல்லாருக்கும் இலாபம், லீஃப்ஸைத் தவிர.

போர்க்கின் கதையும் இதே பக்கம்தான் விழும். அவர் 2001-ல், 22-ஆம் பருவத்தில், கொலராடோவோடு கிண்ணத்தை வென்றார். அணித்தலைவர் ஜோ சகிக் கிண்ணத்தை வாங்கித் தான் தூக்காமல் நேரே போர்க்கின் கையில் கொடுத்தார். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு எங்களில் இரண்டு பேர் அழுதது உண்மை. வேறு அணியோடு வென்ற அந்தக் கிண்ணத்தைப் பொஸ்டனுக்கே கொண்டுவந்தபோது ஆயிரக்கணக்கில் சனம் கூடியது.

ஆனால் போர்க் ஏன் போனார்? தானே போய்க் கேட்டார். எனக்குக் கிண்ணம் வெல்ல ஒரு சந்தர்ப்பம் வேணும், விடுங்கோ என்றார். கழகம் விட்டது. அதுதான் நாங்கள் சொல்லுகிற "விரும்பினால் மட்டும்". போர்க்குக்குக் கிண்ணம் பெரிசு, அதனால் போனார். சண்டினுக்குத் தான் கட்டின அணியோடு நிற்கிறது பெரிசு, அதனால் நின்றார். முன்னவரைப் பார்த்துக் கண்ணீர் விடுகிற ஆட்களே பின்னவரைச் சுயநலவாதி என்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்தது ஆட்டக்காரனின் விருப்பமில்லை. அது கழகத்தின் வசதியோடு பொருந்திப் போனதுதான் பிடித்திருக்கு.

மூன்றாவது, வான்கூவர். "வாடகை ஆட்டக்காரனா போகமாட்டன் எண்டவர், அதே வருசம் டிசம்பரில பருவம் பாதி போகேக்க வான்கூவரில சேர்ந்தாரே? அது வாடகை இல்லையா?" இது நியாயமான அடி. தொடக்கத்தில் இருந்து நடக்க வேணும் என்று சொன்ன காரணத்துக்கும் டிசம்பரில் செய்ததுக்கும் இடையில் இடைவெளி இருக்கு. அதை மூடி மறைக்க நாங்கள் அவரின் வக்கீல் இல்லை. ஆனால் ஒருத்தர் சொன்ன காரணம் பிறகு தளர்ந்தாலும், மறுக்கிற உரிமை தளராது. டிசம்பரில் அவர் ஒப்பந்தம் முடிந்த சுதந்திர மனிதர். போவதா, எங்கே போவது, எப்போது போவது என்று எல்லாவற்றையும் அவர்தான் முடிவு செய்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

நான்காவது, எங்களுக்குள்ளேயே வந்த கேள்வி. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஒருத்தனுக்காக, மாத முடிவில் மெஸ் காசுக்கு அல்லாடுகிற கலைப்பீடப் பெடி பெட்டையள் ஏன் கண்ணீர் விட வேணும்?

கண்ணீர் விடவில்லை. சண்டினுக்கு எங்கட அனுதாபம் தேவையுமில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் நின்றது ஏழை எளியதுமில்லை. லீக்கில் அதிகம் பெறுமதியான கழகங்களில் ஒன்று. அப்போது அதன் பெரும்பான்மைப் பங்கு ஒன்ராறியோ ஆசிரியர் ஓய்வூதிய நிதியத்திடம் இருந்தது. இவ்வளவு புகழும் காசும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் உள்ள ஒருத்தர், ஒப்பந்தத்தில் எழுதிக் கிடக்கிற ஒன்றைப் பாவித்ததற்கே ஊர் முழுக்கத் திட்டும் என்றால், அவை ஒன்றும் இல்லாத ஆள் எப்படி "இல்லை" என்று சொல்லுவார்? நாளைக்கு வேலைக்குப் போய், நாங்களும் எங்கேயோ கையெழுத்து வைக்கப் போறம். "நீங்கள் இந்த நிறுவனத்தின்ர பிள்ளையள், இதை மட்டும் விட்டுத் தாங்கோ" என்று ஒரு நாள் எங்களிடமும் கேட்பார்கள். அப்போது பக்கத்து மேசைக்காரர் எங்களைத் துரோகி என்று சொல்லுவாரா இல்லையா என்பது, இண்டைக்கு நாங்கள் சண்டினைப் பற்றி எப்படிக் கதைக்கிறம் என்பதிலும் இருக்கு.

ரசிகனின் கோபம் எங்களுக்கும் தெரியும். லீஃப்ஸ் கடைசியாகக் கிண்ணம் வென்றது 1967-ல். அதைக் கண்ணால் கண்டவர்கள் இப்போது பாட்டன் பாட்டி. குளிரில் இரண்டு வேலை செய்துவிட்டு வந்து ரீவிக்கு முன் குந்துகிற மாமாவுக்கு, யாரோ ஒருவரில் கோபிக்க வேணும். நிர்வாகத்துக்கு முகமில்லை. அவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் மேலே இருப்பார்கள். 13-ஆம் இலக்கச் சட்டையோடு கீழே ஐஸில் நிற்கிறவருக்கு முகமிருக்கு. கோபம் சுலபமாகக் கிடைக்கிற முகத்தில் போய் விழுந்தது. அதைப் புரிந்துகொள்ளுகிறம், ஏற்றுக்கொள்ளமாட்டம்.

அப்ப என்ன செய்யலாம்?

குறை சொல்லிப்போட்டு ஓடுகிற ஆட்களில்லை நாங்கள். ஒரு கழகம் தன்ர மூத்த வீரன் விசயத்தில் எப்படி நடக்க வேணும் என்று எங்களுக்குத் தோன்றுகிறதைச் சொல்லுகிறம்.

கதையைக் கோடையில் தொடங்குங்கோ. கெடுவுக்கு ஒரு கிழமை இருக்கேக்க இல்லை. "இந்த வருசம் கீழே போனால் உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று பருவம் தொடங்க முதலே கேளுங்கோ. போக விருப்பம் என்றால், எந்த அணிக்கு என்று அவரிடமே கேட்டு அனுப்புங்கோ. நிற்க விருப்பம் என்றால் அதோடு கதையை முடியுங்கோ. பத்திரிகைக்காரரின் காதில் போட்டு ஊரைக் கிளப்பாதேயுங்கோ. எப்ப வேணுமென்றாலும் விற்கிற உரிமை வேணும் என்றால், ஒப்பந்தம் எழுதேக்கயே சம்மத வாசகத்தைக் கொடுக்காமல், அதற்குரிய காசைக் கூடக் கொடுங்கோ. கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காதேயுங்கோ.

இதில் ஒரு செலவு இருக்கு. சில வேளை ஒரு நல்ல வீரன் பதிலுக்கு ஒன்றும் தராமல் போய்விடுவார். அந்த இழப்பு உண்மையானது. ரொறன்ரோவுக்கும் அது நடந்தது. ஆனால் அந்த இழப்பு யாருடையது என்பதில்தான் எங்களுக்கும் மச்சானுக்கும் சண்டை. அது கழகத்தின் இழப்பு. அவர் கொடுத்த பதின்மூன்று பருவங்களுக்குள் ஒரு கிண்ண அணியைக் கட்டாத கழகம், கடைசி இரண்டு மாதத்தை விற்றுத் தன்ர பிழையைச் சரிக்கட்ட முடியாமல் போனதே என்று அழுகிற அழுகை.

2009 பெப்ரவரி 21. சண்டின் வான்கூவர்ச் சீருடையோடு ரொறன்ரோ ஐஸில் இறங்கினார். பழைய காட்சிகளைத் திரையில் போட, அரங்கு எழும்பி நின்று கைதட்டியது. அவர் கண் கலங்கினார். ஆட்டம் சமநிலையில் முடிந்து, ஒருவர் ஒருவராக கோல் அடிக்கப் போனபோது, வெற்றிக் கோலை அடித்தது அவர்தான். 2016-ல் லீஃப்ஸ் 13-ஆம் இலக்கத்தை இனி ஒருவரும் அணிவதில்லை என்று நிரந்தரமாக உயர்த்தியது. கழகமே சமாதானமாகிவிட்டது. ஸ்காபரோவில் சில வீடுகள்தான் இன்னும் சமாதானமாகவில்லை.

மச்சான், அடுத்த மார்ச்சில் யாரோ ஒரு முதிய கப்டனின் பெயர் அடிபடும். விற்கலாமா என்று நீ எங்களுக்குச் செய்தி போடுவாய். விலை என்ன வரும் என்று எழுத முதல், அந்த மனிசன் என்ன சொல்லுறார் என்று ஒருக்காப் பார்த்துப்போட்டு எழுது. விடிய ஐந்தரைக்கு எழும்பித்தான் இருப்பம்.